நாலாவது பச்சை

இல்ல, நீங்கதான் அமுக்கினீங்க. நான் எதிர்லயே உக்காந்திருந்தேன். கைய உதறிக்கிட்டே டாய்லெட்லேர்ந்து வெளிய வந்தீங்க, வாசல்ல இருக்கற அந்த மெஷினப் பாத்தீங்க, சிவப்பு மூஞ்சிய ஒரு குத்து குத்திட்டு வந்து இங்க உக்காந்தீங்க. அப்ப மணி ரெண்டு இருபது. சண்டை போட வரல அக்கா. அக்கான்னு கூப்பிடலாம்ல? ஆன்ட்டின்னா சில பேருக்குக் கோவம் வருது. காலையிலேர்ந்து ரெண்டு பேர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

நீங்க செஞ்சது தப்புன்னும் சொல்லல. தண்ணி வரலன்னா யாருக்கா இருந்தாலும் எரிச்சல்தான். சோப்ப கையெல்லாம் தேச்சுட்டு, டேப்புக்கு முன்னாடி வரம் கேக்கற மாதிரி கைய நீட்டிக்கிட்டு நிக்கணும். நமக்கு வராது. யாருமே நிக்காத பக்கத்து டேப்புல தானா கொட்டும். எனக்கும் அதேதான் நடந்துச்சு. கைய மேலேர்ந்து காட்டினா அதுக்குத் தெரியாதாம், கீழேர்ந்து தூக்கிக் காட்டணுமாம். இத ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்கலாம். ஒட்டினா சுவரு அழகு போயிடும்னு விட்டிருப்பாங்க.

ஆனா உங்க சிவப்பு டேப்புக்குப் போய்ச் சேரல. அதச் சொல்லத்தான் வந்தேன். மெஷின்ல மூணு மூஞ்சிதான் இருக்கு. பச்சை சிரிக்குது, சிவப்பு அழுவுது. நடுவுல மஞ்சள் எதுக்கு இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அத அமுக்கினா கணக்குலயே வராது. டேப்புக்குன்னு தனி மூஞ்சி கிடையாது. என்ன குறைன்னு அது கேக்கறதும் இல்ல. எல்லா சிவப்பும் சுத்தம் பண்றவங்க தலையிலதான் விழுது. உள்ள நீலச் சட்டை போட்டு ஒருத்தங்க மாப்பு போட்டுக்கிட்டு இருந்தாங்கல்ல, ஒல்லியா, முட்டியில பட்டை கட்டிக்கிட்டு? அந்தம்மா தலையில.

மெஷினுக்கு மேல போர்டு இருக்கு பாருங்க, நூத்துக்கு எத்தனை பச்சைன்னு. எழுபத்தொம்பது. அது எம்பதா இருந்துச்சு. சரியா எம்பது, கூடவும் இல்ல குறையவும் இல்ல. நீங்க குத்தினீங்க, எறங்கிடுச்சு. மூணு மணிக்கு சூப்பர்வைசர் வருவாரு. எம்பதுக்குக் கீழ இருந்தா அந்தம்மாவ இங்கேர்ந்து எடுத்து கார் நிறுத்தற கட்டடத்துக்கு அனுப்பிடுவாரு. அங்க இருக்கறவங்கள இங்க போடுவாரு. நாளைக்கு இல்ல, மூணு மணிக்கே. இப்ப ரெண்டு நாப்பது.

அதனால நீங்க எழுந்து போய் ஒரு பச்சைய அமுக்கிட்டு வரணும். அவ்ளோதான் விஷயம்.

அய்யோ, நான் இங்க வேலை பாக்கறவ இல்ல. இந்தாங்க, போர்டிங் பாஸ். பன்னெண்டாம் நம்பர் கேட், இதே கேட்தான். நாலு பத்துக்கு ப்ளேன். மூணே முக்காலுக்கு உள்ள விட ஆரம்பிச்சுடுவாங்க. உங்க ப்ளேன் அஞ்சு மணிக்கா? அப்ப உங்களுக்கு நேரம் கெடக்கு.

எனக்கு என்ன அக்கறைன்னா... பொழுது போகல, வச்சுக்கங்களேன். ஆறு மணிக்கே வந்துட்டேன். காலையில ஆறு. எங்க ஏரியாவுலேர்ந்து பஸ் அப்பத்தான். பத்து மணி வரைக்கும் கவுன்ட்டர் திறக்கல. அப்புறம் உள்ள வந்து எல்லாத்தையும் ஒரு சுத்து பாத்துட்டேன். நீங்க எதையும் பாக்க வேணாம், என்னைக் கேளுங்க, சொல்றேன்.

நல்லா இருக்கான்னா, பெருசா இருக்கு. பெருசா இருந்தா நல்லா இருக்கற மாதிரிதான்னு நினைச்சுக் கட்டியிருக்காங்க. தானா நடக்கற தரை ஒண்ணு போட்டிருக்காங்க, அவசரமா போறவங்களுக்காக. அவசரம் இல்லாதவங்க எல்லாம் அதுல சிலை மாதிரி நிக்கறாங்க, அவசரமா இருக்கறவங்க பக்கத்துல சாதா தரையில ஓடறாங்க. செடியெல்லாம் பிளாஸ்டிக்னு நினைச்சு ஒரு இலையக் கிள்ளிட்டேன். நிஜம். ஒரு ஆளு ஈரத்துணி வச்சுக்கிட்டு ஒவ்வொரு இலையா துடைச்சுக்கிட்டே வர்றாரு. ஸ்கூல்ல பதினோரு வருஷம் இருந்தேன், என்னை யாரும் அந்த மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்ததில்ல.

ஆமா, பதினொண்ணோட நிறுத்திட்டேன். காரணம் ஒண்ணும் இல்ல, படிப்பு ஏறல. ஏறலன்னா யாரும் நம்பமாட்டாங்க, வீட்ல பிரச்சனையான்னு மெதுவா கேப்பாங்க. ஏறல, அவ்ளோதான்.

அந்த மூலையில ஒரு நாற்காலி இருக்கு, முதுகு புடிச்சுவிடும். யாரோ நம்ம மேல கோவத்துல மாவு பிசையற மாதிரி இருக்கும். ஆன் பண்ணாமலும் உக்காரலாம், யாரும் எழுப்பமாட்டாங்க. சென்ட்டு கடையில அஞ்சு பொண்ணுங்க நிக்கறாங்க, அஞ்சு பேரும் கையில பீச்சிவிட்டாங்க. இப்ப என்கிட்டேர்ந்து வர்ற வாசனைக்கு நான் பொறுப்பு இல்ல. அப்புறம் இந்த நாற்காலிங்க. ரெண்டு சீட்டுக்கு நடுவுல இரும்புக் கம்பி வச்சிருக்காங்க பாத்தீங்களா? யாரும் கால் நீட்டிப் படுத்துடக் கூடாதுன்னு யோசிச்சு வச்சது. டேப்புக்கு அவ்ளோ யோசிக்கல.

சோதனை பண்ற இடத்துல எனக்கு ஒண்ணும் ஆகல. முன்னாடி நின்ன கோட்டு போட்ட ஆளுகிட்ட பெல்ட்டு, வாட்ச்சு, ஷூ, தண்ணி பாட்டில்னு ஒவ்வொண்ணா புடுங்கினாங்க. எனக்கு எல்லாம் முன்னாடியே சொல்லித்தான் அனுப்பியிருந்தாங்க. தண்ணி எடுத்துட்டுப் போகாதே, தலையில இரும்பு ஊக்கு குத்தாதே, ட்ரேய எடுத்தா வரிசையில வைன்னு. நான் பாட்டுக்கு வந்துட்டேன். அடிக்கடி போவியாம்மான்னு கேட்டாரு சோதனை பண்ணவரு. முதல் தடவைன்னு சொன்னா சிரிக்கறாரு.

போற ஊர்ல சித்தி இருக்காங்க. ஒரு ஹோட்டல்ல துணி வெளுக்கற பிரிவுல வேலை. எனக்கும் அங்கயே சொல்லி வச்சிருக்காங்க. படுக்கை விரிப்பு மடிக்கணும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டாச்சு, நடுவுல வர முடியாது. சித்திய நான் பாத்து ஏழு வருஷம் ஆச்சு, அடையாளம் தெரியுமான்னு தெரியல. தெரியாம என்ன, எங்க குடும்ப மூக்கு ஒண்ணு இருக்கு, அது முன்னாடி வந்துடும்.

வழியனுப்பவா? வந்தாங்க. வந்தாங்கன்னா... வந்தாங்க.

கொஞ்சம் காலத் தூக்குங்க அக்கா. துடைக்க வர்றாங்க.

தேங்க்ஸ்மா.

ஆமா, இப்பத்தான் துடைச்சாங்க. இந்த டாய்லெட்டும் அதுக்கு முன்னாடி இருக்கற இருபது நாற்காலியும் அவங்க பொறுப்பு. வேலையில சுத்தம் போல, இருக்கட்டும். என்ன கேட்டுக்கிட்டு இருந்தீங்க?

ஓ, எனக்கு என்ன அக்கறைன்னுதானே. சொல்லிடறேன், மறைச்சு என்ன ஆகப்போகுது. இந்த எம்பதுக்கு இன்னிக்கு வந்த கேடு என்னாலதான். காலையில தொண்ணூத்தி ஒண்ணு இருந்துச்சு. நான் உள்ள வந்ததும் அந்த மெஷினப் பாத்தேன். ஒரு நல்லது பண்ணுவோமேன்னு பச்சைய அமுக்கினேன். சத்தம் நல்லா இருந்துச்சு, டிங்குன்னு. இன்னொரு தடவை அமுக்கினேன். முப்பத்தேழு தடவை. எண்ணிக்கிட்டேதான் அமுக்கினேன்.

அது அவ்ளோ முட்டாள் மெஷின் இல்லையாம். ஒரே ஆளு விடாம அமுக்கினா அதுக்குத் தெரிஞ்சுடுமாம். என்னோட முப்பத்தேழ மட்டும் தள்ளியிருந்தா பரவால்ல, அந்த ஒரு மணி நேரத்தையே தள்ளிடுச்சு. பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு. அப்பத்தான் ரெண்டு பெரிய ப்ளேனுக்குக் கூட்டம், எல்லாரும் பச்சையா அமுக்கிட்டுப் போயிருந்தாங்க. எல்லாம் போச்சு. தொண்ணூத்தி ஒண்ணு எம்பத்தி மூணு ஆச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா எறங்கி எம்பது.

சூப்பர்வைசர் டேப்லெட்ட தூக்கிக்கிட்டு ஓடி வந்தாரு. கெட்டவர்னு சொல்ல மாட்டேன், அவருக்கு மேல ஒருத்தரு அவருக்கு ஒரு போர்டு மாட்டியிருப்பாரு. ஆள் வச்சு அமுக்குறியான்னு அந்தம்மாகிட்ட கேட்டாரு. நான் இங்க, இதே நாற்காலியில உக்காந்திருக்கேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. யாரோ விளையாட்டுப் புள்ள சார், எனக்குத் தெரியாதுன்னாங்க. மூணு மணிக்கு எம்பதுக்குக் கீழ இருந்துச்சுன்னா பொட்டியக் கட்டு, கார் கட்டடம்தான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

நான்தான் அமுக்கினேன்னு எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம்தான். எழுந்துட்டேன். அந்தம்மா மாப்பக் கொண்டுவந்து என் கால் மேலயே வச்சாங்க. வேணும்னே வச்சாங்க. உக்காந்துட்டேன்.

ஸ்கூல்ல கணக்குல நான் வாங்கினத வெளிய சொல்ல முடியாது. ஆனா இன்னிக்கு மட்டும் நூத்துக்கு எத்தனைங்கறது தண்ணியா வருது. போர்டிங் பாஸ் பின்னாடி பாருங்க, பூராவும் போட்டுப் பாத்திருக்கேன். எம்பதுலேர்ந்து ஒரு சிவப்பு விழுந்தா, அத சரிபண்ண நாலு பச்சை வேணும். நாலு. நீங்க ஒரு விரலால குத்தினது நாலு பேரோட பச்சைய முழுங்கிடுச்சு. உங்களத் திட்டல, கணக்கச் சொல்றேன்.

மூணு பேரப் புடிச்சுட்டேன். வேற வேற ஆளா, நிஜமா உள்ள போய்ட்டு வந்தவங்களா, இடைவெளி விட்டு. முதல்ல ஒரு விமானப் பணிப்பெண். உள்ள போறப்பவே சொன்னேன், அவங்க எதுவும் கேக்காம அமுக்கிட்டு சிரிச்சுட்டுப் போனாங்க. சிரிக்கறது அவங்க வேலைதானே. அடுத்து சக்கர நாற்காலியில ஒரு பெரியம்மா. அவங்களுக்கு மெஷின் எட்டல, தள்ளிக்கிட்டு வந்த பையன் அமுக்கட்டுமான்னான். வேணாம், நானேன்னு பாதி எழுந்து அமுக்கினாங்க. மூணாவது இரட்டைக் குழந்தைய வச்சிருந்த ஒரு அக்கா. அதுல ஒரு குழந்தை நானும் அமுக்கணும்னு ஆரம்பிச்சுது. வாரித் தூக்கிட்டு ஓடுங்கன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போனாங்க. பத்து நிமிஷமா ஒருத்தரும் உள்ள போகல. இருக்கறது நீங்கதான்.

முதல்லயே உங்ககிட்ட வந்திருப்பேன். உங்க மூஞ்சியப் பாத்தா பயமா இருந்துச்சு. இப்ப இல்ல.

பொய் சொல்லச் சொல்லல அக்கா. நல்லா யோசிச்சுப் பாருங்க. தரை காஞ்சு இருந்துச்சா? பேப்பர் இருந்துச்சா? நாத்தம் அடிச்சுதா? கண்ணாடியில ஒரு சொட்டுத் தண்ணி இருந்துச்சா? நீங்க டேப்புகிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு நின்னப்ப பக்கத்துல யாரோ கைய கீழேர்ந்து தூக்கிக் காட்டினாங்களா இல்லையா? ஆங். காட்டினாங்கல்ல. வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமேன்னு தோணியிருக்கும். சொல்லக் கூடாது. பயணிகள்கிட்ட அவங்க பேசக் கூடாதுன்னு சட்டம். போன மாசம் இங்க இருந்த இன்னொருத்தங்க, ஊருக்குப் போற தங்கச்சி வந்தாங்கன்னு ரெண்டு நிமிஷம் நின்னு பேசினாங்க. கேமராவுல பாத்துட்டாங்க. அடுத்த நாள் அவங்க கார்டு கதவுல வேலை செய்யல. அப்படித்தான் தெரியும், வேலை போச்சுன்னு. ஆளக் கூப்பிட்டுச் சொல்லமாட்டாங்க, கதவு திறக்காது.

துடைக்கறப்ப மட்டும் பேசலாம். அதுவும் எழுதிக் குடுத்தத மட்டும். தரை ஈரமா இருக்கு பாத்துப் போங்க. கொஞ்சம் காலத் தூக்குங்க. ரெண்டு வாக்கியம்.

போறீங்களா? பைய வச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன். வேணாம், எடுத்துக்கங்க, அடுத்தவங்க பைய வாங்கக் கூடாதுன்னு மைக்குல கத்திக்கிட்டே இருக்காங்க. மணி ரெண்டு அம்பத்தஞ்சு. நேரம் இருக்கு, ஓட வேணாம். டேப்ப திரும்ப ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க, கைய கீழேர்ந்து. வந்துச்சுன்னா உங்க மனசுக்கும் சமாதானமா இருக்கும்.

அதோ, மறுபடியும் மாப்ப எடுத்துட்டு வர்றாங்க. நீங்க காலத் தூக்க வேணாம், இந்த நாற்காலிக்குத்தான் வருவாங்க. காலையிலேர்ந்து ஒம்பதாவது தடவை. என் காலுக்குக் கீழ இருக்கற தரை மாதிரி சுத்தமான தரை இந்தக் கட்டடத்துலயே கிடையாது.

எங்கம்மாதான் அக்கா. லீவு கேட்டாங்க, கிடைக்கல. அப்புறம் யார் யார்கிட்டயோ கெஞ்சி, இடத்த மாத்திக்கிட்டு இந்தக் கேட்டு பக்கம் வந்தாங்க, நான் ஏறற வரைக்கும் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கலாம்னு. காலையில ஒரே பஸ்லதான் வந்தோம். எறங்கினதும் அவங்க அந்த வாசல், நான் இந்த வாசல். மூணே முக்கால் வரைக்கும் இங்க இருந்தாங்கன்னா போதும், அதுக்கப்புறம் எந்தக் கட்டடமா இருந்தா என்ன.

போங்க. வலது பக்கம் கடைசியில இருக்கறது பச்சை. ஒரே ஒரு தடவை அமுக்குங்க, அதுக்கு மேல வேணாம்.