கெசியா என்று எழுதிய குடுவை

என் பெயர் ஞானாபரணம், வயது 69, தகப்பனார் பெயர் (காலஞ்சென்ற) சாமுவேல். கருமத்தம்பட்டியில் குடியிருக்கிறேன். கல்லூரியில் விலங்கியல் செய்முறைப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றேன். அதன் பிறகு ஆறு ஆண்டுகளாகச் சரவணம்பட்டியில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்ப்பு அறையைக் கவனித்து வருகிறேன். அறுவை சிகிச்சையில் எடுத்த சிறுநீரகத்தில் சிறு துண்டை உறவினர் கையெழுத்துடன் பெற்று, அதன் செல்களைக் குடுவையில் வளர்த்து மருந்துகளைச் சோதிப்பது அங்கு நடக்கும் வேலை.

குடுவையில் எண் மட்டுமே எழுத வேண்டும் என்பது விதி. எண்கள் மாறிவிடுமோ என்ற பயத்தில் நான் பெயரையும் எழுதி ஒட்டி வந்தேன். அது என் தவறு.

கடந்த ஜூன் 14-ம் தேதி மதுக்கரையைச் சேர்ந்த அன்புச்செல்வி ஒரு படிவத்தில் கையெழுத்திட வந்திருந்தார். அவர் மகள் கெசியா, வயது 9, சிறுநீரகக் கட்டிக்கு அறுவை நடந்து நான்கு மாதம் கழித்து இறந்தவள். அப்போது உடன் வேலை செய்யும் புவனா உள்ளிருந்து, "ஏனுங்க சார், கெசியாவுக்குச் சாப்பாடு மாத்திப்போட்டீங்களா?" என்று கேட்டார். செல்களுக்கு ஊட்டநீர் மாற்றுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அன்புச்செல்வி எழுந்து நின்று, "எம் புள்ளையாங்க?" என்றார். அவை செல்கள் மட்டுமே என்று நான் விளக்கியிருக்க வேண்டும். "ஆமாங்க அம்மணி, உசுரோடதான் இருக்குது" என்று சொல்லிவிட்டேன். நுண்ணோக்கியிலும் காட்டினேன்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் வந்தார். அனுமதி பெறாமல் நானே உள்ளே அழைத்துச் சென்றேன். ஒரு முறை, "ஊட்டுல ரெண்டு வாய்க்கு மேல திங்கமாட்டாளுங்க. உங்ககிட்ட மட்டும் ஒழுங்காத் திங்கறா பாருங்க" என்று சிரித்தார்.

செப்டம்பர் 1-ம் தேதி காலை அந்தக் குடுவை கலங்கியிருந்தது. பூஞ்சை பிடித்திருந்தது. என் கையிலிருந்து பட்டதா என்று பலமுறை யோசித்தும் தெரியவில்லை. விதிப்படி பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கொட்டினேன். அவள் செல்களில் உறைய வைத்திருந்த மீதியை எடுத்து வளர்த்துப் பார்த்தேன், அதுவும் பிழைக்கவில்லை. 6-ம் தேதி அவர் வந்தபோது, வேறொருவருடைய 23-ம் எண் குடுவையில் கெசியா என்று எழுதி ஒட்டிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறாள் என்றார்.

13-ம் தேதி வந்து, "இன்னைக்கு அவ பொறந்தநாளுங்க. ஊட்டுக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போயிட்டுப் பொழுதோட வந்தர்றனுங்க" என்றார். குளிரக்கூடாது என்று முன்பு நான் சொல்லியிருந்ததால், குடுவையைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்தேன், தடுக்கவில்லை. அதன் பிறகு வாசலில் காவலாளி அவரைப் பிடித்ததாகத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் குடுவை 52 வயது ஆண் ஒருவருடையது என்றும், மகளுடையது என்று அன்புச்செல்வி பொய் சொல்கிறார் என்றும் ஆய்வுக்கூட நிர்வாகம் இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துள்ளது. அவர் பொய் சொல்லவில்லை. நான் எழுதியதைப் படித்து நம்பினார். திருடியவராக அவரை எழுத வேண்டாம்.

கெசியாவுடையது எதுவும் இப்போது எங்களிடம் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. இதை அவருக்குப் படித்துக் காட்டும் முன், நானே அவரிடம் சொல்ல அனுமதி கேட்கிறேன். சொல்லும் தைரியம் எனக்கு வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் தாங்களே மெதுவாகச் சொல்லவும்.

மேலே உள்ளதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே, உண்மையாகவே உள்ளது.

(ஒப்பம்) சா. ஞானாபரணம்