சின்ன கோச் சொல்லிக்கொடுத்த ஐந்து வார்த்தை

இந்தக் காலத்தில் ஆறு மணிக்குப் பயிற்சி என்றால் ஆறு மணிக்குத்தான் வீட்டில் பல் விளக்கவே ஆரம்பிக்கிறார்கள். நான் ஐந்தரைக்கே மைதானத்து கேட்டைத் திறந்து வைத்துவிட்டு நிற்பேன். ஆறேகாலுக்கு ஒவ்வொருத்தியாக வருவாள், காதில் எதையோ சொருகிக்கொண்டு. "சாரி மாஸ்டர்" என்பாள். அந்த சாரி தும்மல் மாதிரி, வரும், போகும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நீங்களும்தான் மேடம், இன்றைக்கு விசாரணை பத்து மணிக்கு என்று சொல்லிவிட்டு பத்தே முக்காலுக்கு வந்தீர்கள். குறையாகச் சொல்லவில்லை. எழுதச் சொன்னீர்கள், நடந்ததை எழுதுகிறேன்.

வாயால் சொல்லுங்கள், நாங்கள் டைப் அடித்துக்கொள்கிறோம் என்றீர்கள். வேண்டாம். நான் ஒன்று சொல்ல, நீங்கள் ஒன்று அடிக்க, கடைசியில் கையெழுத்து மட்டும் என்னுடையதாக இருக்கும். எட்டாவது வரைக்கும் படித்தவன்தான். எழுத்து கோணலாக இருந்தாலும் என் எழுத்தாக இருக்கட்டும்.

நான் மில் கால்பந்து டீமில் ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடியவன். முட்டி போன பிறகு இந்தக் கல்லூரியில் சுண்ணாம்புக் கோடு போட வந்தேன். பெண்களுக்கென்று கால்பந்து டீம் புதிதாக ஆரம்பித்திருந்த சமயம். அப்போதைய பெரிய கோச்சுக்கு வெயில் ஆகாது. நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "நீயே ரெண்டு ரவுண்டு ஓட விடப்பா" என்பார். அப்படித்தான் நான் சின்ன கோச் ஆனேன். இருபத்தாறு வருஷம் சின்ன கோச். ஐந்து பெரிய கோச்சுகள் வந்து போனார்கள். கடைசியாக வந்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவர் பெரிய கோச், நான் சின்ன கோச். போகும்போது ஒவ்வொருத்தரும் என் தோளைத் தட்டி, "நீங்க இல்லன்னா இந்த டீமே இல்ல" என்றுதான் போனார்கள். என்னால்தான் டீம் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அந்த இடத்தை எனக்குக் கொடுக்காமல் போனார்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போது எல்லாரும் அக்கா, அக்கா என்கிறார்களே, அவளைப் பற்றி.

அவள் பதினேழு வயதில் இங்கே ஆட வந்தபோது இடது காலை ஊன்றி நிற்க மட்டும்தான் வைத்திருந்தாள். சுவரோரம் நிறுத்தி, தினமும் நூறு பந்து இடது காலால் அடிக்க வைத்தது நான். அழுதுகொண்டே அடித்தாள். அந்தக் காலை வைத்துத்தான் வெளியூர் போனாள், பெரிய டீமில் ஆடினாள், ஏதேதோ சான்றிதழ் வாங்கினாள். போன வருஷம் திரும்பி வந்தாள், இன்னொரு துணைப் பயிற்சியாளராக. என் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டார்கள். முதல் நாள் என்னிடம் வந்து, "மாஸ்டர், நீங்க சொன்னா நான் கேட்டுக்கிறேன்" என்றாள். நல்ல பேச்சுதான். ஒரு மாதத்தில் பிள்ளைகள் என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஷூ கடித்தால் அக்கா. மாதவிலக்கு வலி என்றால் அக்கா. அது சரி, அதை என்னிடம் சொல்ல மாட்டார்கள்தான். ஆனால் கார்னர் அடிப்பது எப்படி என்பதும் அக்காவா? அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவள் சொன்னால் வாய் பிளந்து கேட்கிறார்கள், நான் சொன்னால் தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறார்கள்.

வீட்டில் புலம்பினேன். என் மனைவி, "உங்க பொண்ணு வயசுப் பொண்ணுங்க அது. அதோட போய் மல்லுக்கு நிக்கிறீங்களே, பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் எதையும் சொல்வதில்லை.

பெரிய கோச் இந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டுப் போகிறார் என்று தெரிந்தது. கல்லூரி முதல்வர் அறைக்குப் போய் அந்த இடத்தைக் கேட்டேன். "பார்க்கலாம் பெரியவரே" என்றார். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அவளுக்கு நேர்காணல் கடிதம் வந்தது. என் கடிதம் வரவில்லை. ஆபீஸில் எதையும் ஒழுங்காக அனுப்ப மாட்டார்கள், எங்கேயோ ஃபைலுக்கு அடியில் கிடந்திருக்கும்.

இப்போது அந்தத் தாளைப் பற்றி. உங்கள் மேஜையில் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அது.

தலையில் அடிபட்டால் விளையாட விடக்கூடாது என்பது அவள் கொண்டுவந்த சட்டம். யாருக்காவது அடிபட்டால் பார்த்தவர் அவளிடம் சொல்ல வேண்டும். பெரிய ஆட்டத்துக்கு முந்தின நாள் எல்லாரையும் அவள் பரீட்சை பண்ணுவாள். ஐந்து வார்த்தை வாசிப்பாள், திருப்பிச் சொல்ல வேண்டும். வேறு ஏதோ பேசிவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து அதே ஐந்தையும் கேட்பாள். பிறகு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். தேறினால் 'ஆடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். மூளை கலங்கியிருந்தால் வார்த்தை நிற்காதாம்.

அந்தப் பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் வேறு வேறு ஐந்து வார்த்தைகளோடு இன்னும் ஒன்பது வரிசை உண்டு. ஒவ்வொரு தடவையும் வேறு வரிசை கேட்க வேண்டும் என்பதுதான் முறை. ஆபீஸில் ஜெராக்ஸ் எடுத்தவர்கள் முன்பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். "அடுத்த வாரம் பின்பக்கமும் எடுத்துக்கலாம் மாஸ்டர்" என்றாள். அடுத்த வாரம் என்பது வரவே இல்லை. ஆகவே எப்போதும் அதே ஐந்து: மேகம், கரண்டி, பூனை, ஏணி, தலையணை. பக்கத்தில் நின்று நின்று எனக்கே மனப்பாடம். பிள்ளைகளுக்கு ஏன் மனப்பாடம் ஆகவில்லை என்று கேட்டீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கேட்டதை எந்தப் பிள்ளை நினைவில் வைத்திருக்கும்?

கோப்பை இறுதி ஆட்டம் சனிக்கிழமை. புதன்கிழமை அவளுக்கு நேர்காணல். பெரிய கோச்சும் அங்கே போய்விட்டார். மைதானத்தில் நான் மட்டும். உயரப் பந்துகளை அடித்துப் போட்டுத் தலையால் முட்டப் பழக்கினேன். பம்பரம் என்று ஒருத்தி. நடுக்களத்தில் சுற்றிச் சுற்றி ஆடுவாள் என்பதால் நான் வைத்த பெயர் அது. அவளும் கோல்கீப்பரும் ஒரே பந்துக்குத் தாவி, மண்டையோடு மண்டை மோதிக்கொண்டார்கள். கோல்கீப்பர் தேய்த்துக்கொண்டு எழுந்தாள். பம்பரம் எழவில்லை. நான் மனசுக்குள் எண்ணினேன். பதினான்கு எண்ணியபோது கண்ணைத் திறந்தாள்.

"மாஸ்டர், நாம எத்தன கோல்?" என்றாள்.

அது பயிற்சி. கோல் கணக்கே கிடையாது.

நிழலில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்தாள். தெளிந்ததும் அழுதாள். "அக்காகிட்ட சொல்லாதீங்க மாஸ்டர், உக்கார வச்சிருவாங்க. ஃபைனலுக்கு அம்மா வராங்க." இதை நான் சொல்லச் சொல்லவில்லை, அவளாகச் சொன்னாள். கோல்கீப்பரிடம், "அவளுக்கு ஒண்ணும் இல்ல, வாயைத் திறக்காதே" என்றேன். அவள் திறக்கவில்லை. அவளுக்கும் கோப்பை வேண்டும்.

வியாழக்கிழமை வந்த பம்பரம், பம்பரமாக இல்லை. மூன்று வார்த்தை பேசினால் நான்காவதைத் தேடினாள். நாளைக்குப் பரீட்சையில் மாட்டிக்கொள்வாள் என்று தெரிந்தது. பொருட்கள் வைக்கிற அறைக்கு அழைத்துப் போனேன். கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். பந்து மூட்டையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். வார்த்தையாகச் சொன்னால் நிற்கவில்லை. அதனால் கதையாக்கினேன்.

"பூனை ஏணியில ஏறிச்சு. மேகத்தைக் கரண்டியால கிள்ளிச்சு. தலையணைக்குள்ள திணிச்சிச்சு. சொல்லு."

"பூனை... ஏணியில... மாஸ்டர், பூனை எதுக்கு மாஸ்டர் மேகத்தக் கிள்ளுது?"

"அது பூனை இஷ்டம். நீ சொல்லு."

சிரித்தாள். அறுபது தடவையாவது சொல்லியிருப்பாள். ஒற்றைக் காலில் நிற்க வந்தபோது தள்ளாடினாள். ஜன்னல் மூலையை முறைத்துப் பார்த்துக்கொண்டே நில், தள்ளாட மாட்டாய் என்றேன். நின்றாள். வெகு நாளைக்குப் பிறகு ஒரு பிள்ளை நான் சொன்னதைச் சொன்னபடி செய்தது. உண்மையைச் சொல்லச் சொன்னீர்களே, எனக்கு அன்றைக்கு மனசு நிறைவாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அக்கா பரீட்சை பண்ணினாள். பம்பரத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை கேட்டாள், "என்னடி, தலை வலிக்குதா?" என்று. இல்லை என்றாள். ஐந்து வார்த்தையும் சரி. 'ஆடலாம்', கையெழுத்து. பதில் வந்த வரிசையையும் அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள்: பூனை, ஏணி, மேகம், கரண்டி, தலையணை. வாசித்த வரிசை வேறு, வந்த வரிசை வேறு. எழுதும்போது அவளுக்கு உறைக்கவில்லை. அத்தனை சான்றிதழ் வாங்கியவள்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் சொல்லிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. இதையும் எழுதுகிறேன், ஒளிக்கவில்லை. முதல் பாதி முடிவதற்குள் சொல்லிவிடலாம் என்றுதான் எல்லைக் கோட்டருகே நின்றிருந்தேன். முப்பதாவது நிமிஷம் பம்பரம் கோல் அடித்தாள். இடது காலால். கைகளை விரித்துக்கொண்டு எங்கள் பக்கம் ஓடி வந்தாள். நான் இரண்டு அடி முன்னால் போனேன், கையையும் நீட்டிவிட்டேன். அவள் என்னைத் தாண்டி ஓடி, பின்னால் நின்ற அக்காவைக் கட்டிக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

இடைவேளையில் பம்பரம் என்னிடம்தான் வந்தாள். "மாஸ்டர், வெளிச்சம் கண்ணக் குத்துது. பந்து ரெண்டா தெரியுது."

"வெயில்தான். தண்ணி குடி" என்றேன்.

அக்கா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தாள். "என்னவாம் மாஸ்டர்?"

"ஷூ கடிக்குதாம்" என்றேன்.

இரண்டாம் பாதியில் பதினெட்டாவது நிமிஷம். கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த பந்து. பம்பரமும் தாவினாள், எதிர் டீம்காரியும் தாவினாள். அவள் தோள் இவள் காதோரம் பட்டது. அடி என்றுகூடச் சொல்ல முடியாது, பேருந்தில் இடிப்பார்களே, அவ்வளவுதான். பம்பரம் நாலு அடி நடந்து, உட்காருவதுபோல் மடிந்து, விழுந்தாள். அவள் அம்மா வேலியைத் தாண்ட முடியாமல் அந்தப் பக்கமே ஓடிக்கொண்டிருந்தார்.

மூளை வீங்கியது, மண்டையைத் திறந்தார்கள், பிழைத்துக்கொண்டாள். வலது கை தூக்க வராது. பேச்சும் போய்விட்டது, ஒரு வாக்கியம் தவிர. எதைக் கேட்டாலும் அந்தப் பூனை, ஏணி, மேகம். அம்மா அதைச் சின்ன வயதில் கேட்ட பாட்டு என்று நினைத்திருக்கிறார். அதற்குள் அக்காவை வேலையை விட்டு நீக்கி, அவள் கையெழுத்துக்காக அவள் மேல் வழக்கும் போட்டாகிவிட்டது. அப்படியும் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாள். அங்கேதான் அதைக் கேட்டாள். கேட்டவுடன் எழுந்து உங்களிடம் வந்துவிட்டாள். அப்போது மட்டும் உறைத்திருக்கிறது.

நேற்று நீங்கள் கேட்ட கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. இரண்டாவது அடி ஆபத்து என்று உங்களுக்குத் தெரியுமா, அந்தத் தாளைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டீர்கள். தாளைப் படிக்கவில்லை. படிக்க வேண்டிய தேவை இல்லை. மில் டீமில் என்னோடு ஆடிய லெஃப்ட் பேக் ஒரே வாரத்தில் இரண்டு தடவை தலையில் வாங்கினான். இரண்டாவது ரொம்பச் சின்ன அடி. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. வண்டியில் ஏற்றும்போது கால் பக்கம் தூக்கியது நான். ஆகவே தெரியும். புதன்கிழமை பதினான்கு எண்ணியபோதே தெரியும். ஏதாவது ஆனால் கையெழுத்து யாருடையது என்பதும் தெரியும்.

பம்பரத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நல்ல பிள்ளை. அவள் இடத்தில் வேறு ஒருத்திக்கு அடிபட்டிருந்தால் வேறு ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

அவ்வளவுதான். வருத்தம் தெரிவிக்கிறீர்களா என்று தனியாக ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்கள். எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த இடம் எனக்கு வர வேண்டியது, அவள் நடுவில் வந்தாள். இதை யாரிடம் சொன்னாலும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டிருக்கிறேன்.

வெளியே போலீஸ்காரர்கள் காத்திருக்கிறார்கள், தெரியும். நானே நடந்து போகிறேன், யாரும் கையைப் பிடிக்க வேண்டாம். போவதற்கு முன் ஒன்றை மட்டும் திருத்தியிருக்கிறேன், பாருங்கள். முதல் பக்கத்தில் பதவி என்ற இடத்தில் துணைப் பயிற்சியாளர் என்று அடித்திருந்தீர்கள். அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அவளை நீக்கி, பெரிய கோச்சும் லீவில் போன பிறகு, பதினொரு நாள் இந்த டீமுக்குத் தலைமைப் பயிற்சியாளர் நான்தான். முதல்வர் கொடுத்த கடிதத்தை இதோடு இணைத்திருக்கிறேன். 'மாற்று ஏற்பாடு ஆகும்வரை மைதானத்தின் சாவி இவரிடம் இருக்கட்டும்' என்று அதில் எழுதியிருக்கிறது. படித்தவர்கள் நீங்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.