பாலாத்து மேல போற பெட்டி

இன்னாம்மா, திரும்பிப் போறதும் இந்தக் கம்பிப் பெட்டியிலதானா? வரும்போதே வெள்ளத்தைப் பாத்தாச்சே. இன்னும் இன்னா பாக்கணும்? மெட்ராசுலேர்ந்து இதுக்குன்னே வந்தீங்களா? நல்லாருக்கு.

கோவிச்சிக்காதீங்க. நான் கர்த்தருக்குப் பயந்தவ, யாரையும் கடிஞ்சி பேசறவ இல்ல. ஆனா அந்தப் பெட்டியில மெத்தையைப் பாத்தா வயிறு எரியுது. தோலும், அதைப் பதம் போடற ஆவாரம்பட்டையும் ஏத்தத்தான் தோல் ஷாப்பு மொதலாளி ஆபித் பாஷா சாயபு ஆத்துக்கு மேல இந்தக் கம்பியைக் கட்டிப் பெட்டியைத் தொங்க உட்டாரு. மணல்ல வண்டி எறங்கினா மாடு மண்டி போட்டுடும். நாங்க இந்தக் கரையில பட்டை இடிச்சி ஏத்துவோம். காலிக் கூடையைத் தூக்கிக் காட்டினா, அந்தக் கரையில தோல் ஷாப்பு ஆளுங்க சக்கரம் சுத்தி இழுப்பாங்க. இப்ப இன்னாடான்னா பன்னீர் தெளிச்சி வேடிக்கைக்கு உடறாங்க.

பயமா இருக்குதா? கம்பி அறாதும்மா. நடு ஆத்துல நின்னாத்தான் பேஜாரு.

ஆமா, நின்னுச்சி. போன ஐப்பசியில. எம்மவ சாரா அதுல இருந்தா.

தலைச்சன் புள்ள. குறுக்கால கெடக்குது, அந்தக் கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு மருத்துவச்சி கையை விரிச்சிட்டா. இதே மாதிரி வெள்ளம், பரிசல் உடல. ஆபத்துன்னா பெட்டியில ஏறிக்கோங்கன்னு சாயபு முன்னாடியே சொல்லியிருந்தாரு. மருமவன் அவளை மடியில சாய்ச்சி, மழை படாம குனிஞ்சி மூடிக்கிட்டான். ஏத்தற ஆம்பளைங்க யாரும் வரல. நாந்தான் கூடையைத் தூக்கிக் காட்டினேன். பெட்டி போச்சி. பாதி ஆத்துல நின்னுடுச்சி. போவும், நிக்கும். மூணு தரம்.

எங்கம்மா பொழைக்கிறது? தாயும் போச்சி, புள்ளயும் போச்சி.

அந்தக் கரையில சக்கரத்துக்கிட்ட கோதண்டபாணின்னு ஒரு மேஸ்திரி. அவன் நிறுத்துன்னாத்தான் நிக்கும். ஊரே சேந்து அவனை அடிச்சிது. வேலையும் போச்சி, இப்ப ராணிப்பேட்டைப் பக்கம் கல்லு ஒடைக்கிறானாம். வெள்ளைத் துணி ஆடினா நிறுத்தணும், அது கம்பி கட்ட வந்த ஆளுங்க செஞ்ச ஏற்பாடு, துணி ஆடிச்சி, நிறுத்தினேன்னு தலையில அடிச்சிக்கிட்டு அழுதான். எவன்டா ஆட்டினான்னு கேட்டா, மழையில துணிதான் தெரிஞ்சிது, ஆள் தெரியலன்னான். யார் நம்புவாங்க?

அவன் பொண்டாட்டி சுந்தரி என் காலைப் புடிச்சா. கரையில நீதானே இருந்த, எதனா பாத்தியான்னு கேட்டா. மழையில கண்ணு தெரியலன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் கோயில்ல முட்டி போட்டா வாய்க்கு ஜெபம் வரமாட்டேங்குது. கோவந்தான் வருது. ஊர் மேல, சாயபு மேல, இதோ, ஒண்ணும் தெரியாத உங்க மேல கூட.

எங்களுக்கு அந்தக் கூடை ஒண்ணுதாம்மா தெரியும். துணி சமாச்சாரம் யாரும் சொல்லல.

சாரா என்னையே பாத்துக்கிட்டுப் போனா. அம்மா இங்கதான் இருக்கேன்னு காட்டணுமில்ல? ஜெபத்துக்கு முக்காடு போடற வெள்ளைத் துணியை எடுத்து ஆட்டினேன். நின்னுச்சி. நின்னப்பெல்லாம் இழுங்கடா, இழுங்கடான்னு இன்னும் ஜாஸ்தியா ஆட்டினேன். கை ஓஞ்சி நான் கீழ உக்காந்தப்பறந்தான் பெட்டி போச்சி.