பாட்டுக்குள் என் குரல்

பாரிசில் லா சப்பல் மெத்ரோ ரயில் மேடையில் காலையில் எனக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். ஒரே உணவகத்தில் வேலை செய்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. இளையவர் திடீரென்று சொன்னார்:

"அண்ணை, என்ரை குரல் ஒரு இங்கிலீசுப் பாட்டுக்குள்ளை இருக்கு."

"நீ எப்ப பாடினனி?"

"பாடேல்லை. லண்டனிலை அக்காவின்ரை மகன் வெள்ளைப் பெடியளோடை ராக் பாண்ட் வைச்சிருக்கிறான். நான் அங்கை போய் நிக்கேக்கை, ஆமி முகாமிலை எனக்கு அடிச்ச கதையைக் கேட்டவன். சொன்னனான். அதைப் போனிலை பதிஞ்சிருக்கிறான். அவங்கள் வெளியிட்ட ரெண்டாவது பாட்டிலை, கிற்றார் நிக்கிற இடத்திலை நான் கதைக்கிறன். அடிச்சவன்ரை பேரோடை."

"எடுக்கச் சொல்லன்."

"எடுத்திட்டான், பாவம், அழுதவன். அதுக்கு முதலே ஊரிலை எல்லாற்றை போனிலும் வந்திட்டுது."

மெத்ரோ வந்தது. மூவரும் ஒரே பெட்டியில் ஏறினோம். நெரிசலில் இளையவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நேற்று அம்மா யாழ்ப்பாணத்திலையிருந்து போன் எடுத்தவ. ரெண்டு பேர் வீட்டை வந்து, 'உங்கடை மகன் இப்ப பாடுறாராமே, எங்கை இருக்கிறார்?' எண்டு கேட்டவையாம்."

மூத்தவர் அவர் பக்கம் குனிந்தார். "அம்மாவை இண்டைக்கே வேறை வீட்டை போகச் சொல்லு" என்றார்.

"சொன்னனான். மாட்டாவாம். நல்ல மரியாதையான பெடியளாம், தேத்தண்ணி குடிச்சவையாம், ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் வருவினமாம். சந்தோசமாச் சொல்லுறா, அண்ணை."