விழுப்புரம் தாண்டியாச்சு

அந்தமானில், கராச்சர்மாவிலிருந்து போர்ட் பிளேர் டவுனுக்குப் போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். நான் பின் சீட்டில்தான் இருந்தேன். என் காது மட்டும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

“நேத்து விழுப்புரம் தாண்டிட்டோம் மாலா.”

“அரே, நேத்து உங்களை இங்க பெட்ரோல் பங்க்ல பார்த்தேனே அக்கா!”

“காரோட மெயின்லேண்டு போக இந்த வருஷமும் முடியல. அதான் ஞாயித்துக்கிழமையானா புளிசாதம் கட்டிக்கிட்டு இங்கயே சுத்துறோம். ஓடுன கிலோமீட்டரை, சென்னையிலேருந்து எங்க மானாமதுரைக்குப் போற வழின்னு வச்சுக்குறோம்.”

“பாகல் குடும்பம்! பைத்தியம்தான் உங்களுக்கு. அந்தக் குட்டிக் கார்லயா?”

“பசங்க ஜன்னலுக்கு அடிச்சுக்குதுங்க. நெஜ டூர் மாதிரியேதான் இருக்கு.”

“அப்ப பொங்கலுக்குள்ள ஊர் போய்ச் சேர்ந்துடுவீங்க.”



“சேர்ந்து? கார் கதவைத் திறந்தா எங்கம்மாவா நிப்பாங்க? கடல்தான் நிக்கும். அதான் எங்க வீட்டுக்காரர், திருச்சியில ரெண்டு வாரம் தங்கிட்டுப் போகலாம்ங்குறார்.”

என் வீடு திருச்சியில்தான் இருக்கிறது, பூட்டியே கிடக்கிறது. சாவியைக் கொடுத்துவிடலாமா என்று யோசித்ததில், லம்பா லைன் ஸ்டாப்பில் இறங்க மறந்துவிட்டேன்.