பூட்டச் சொன்னார், பூட்டினேன்

கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு டிஃபரன்ஷியல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அது குற்றமில்லை. பின்சக்கரங்களுக்கு நடுவே, யார் கண்ணிலும் படாமல் தன் பாட்டுக்கு உழைக்கிற சாமான் அது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் அதனதன் வேகத்தில் சுற்ற விடுவதுதான் அதன் வேலை.

ரத்தினவேல் புத்தூரில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது இந்த 1961 சித்திரையில். ஜீயபுரத்து வாழைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. ரயில்வே வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருந்தார். மெட்ராஸ் பக்கம் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கிற பந்தயத்தில் அதை ஓட்ட ஆசை. நல்ல பையன், மரியாதை தெரிந்தவர்.

"தங்கையண்ணே, பம்பாயிலேர்ந்து வழுக்காத டிஃபரன்ஷியல் வரவழைச்சு மாட்டலாமா? வளைவுல ஒரு சக்கரம் சும்மா சுத்தாதுன்னு இங்கிலீஷ் புஸ்தகத்துல போட்டிருக்கான்."

வேண்டாம் என்றேன். சக்கரத்தைச் சும்மா சுற்ற வைக்கிற அளவுக்கு உங்கள் எஞ்சினுக்குத் தெம்பு கிடையாது, டயரை மாற்றுங்கள், பிரேக்கைக் கவனியுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போவார், அடுத்த வாரம் அதே புஸ்தகத்தோடு வருவார். இப்படியே ஆறு மாதம். சாக்பீஸால் தரையில் படம் போட்டுக்கூடக் காட்டினேன். என்றாவது தெளிவார் என்று பொறுமையாக இருந்தேன்.

ஐப்பசியில் தெளிந்தார். ஆயில் கசிகிறதென்று டிஃபரன்ஷியலைக் கழற்றி மேசையில் பரப்பியிருந்த நேரம்.

"நீங்க சொன்னதுதாண்ணே சரி. ஒண்ணும் மாத்த வேணாம். பூட்டிடுங்க."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. எப்படித் தெளிந்தீர்கள் என்று கேட்டேன்.

"பாலக்கரை நசுருதீன் பாய்கிட்ட நேத்து கேட்டேன். தேவையில்லன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு. பாய் சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

பாயும் நானும் ஒரே இடத்தில் தொழில் பழகியவர்கள். கெட்டிக்காரர்தான். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பூட்டு என்கிற வார்த்தையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கழற்றியதைத் திரும்ப மாட்டி முடுக்குவதையும் நாங்கள் பூட்டுவது என்போம். அசைய முடியாமல் அடைத்து வைப்பதும் பூட்டுவதுதான். எந்தப் பூட்டு என்று அவர் சொல்லவில்லை.

உள்ளே இருக்கிற சின்னப் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று சேர்த்து வெல்டிங் வைத்தேன். அவ்வளவு சுத்தமான வெல்டிங்கை நான் வைத்ததே இல்லை. இனி இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் வண்டி திரும்ப அடம்பிடிக்கும். ஈர ரோட்டில் வேகமாகப் போனால் திரும்பவே திரும்பாது.

அன்றைக்கு வெயில் அடித்தது. கேஸ்கட் வரவில்லை என்று நான்கு நாள் கடத்தினேன். ஐந்தாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது, எடுத்துப் போங்கள் என்றேன்.

ஒர்க்‌ஷாப் வாசலில் திரும்பும்போதே அவருக்குச் சந்தேகம். "என்னண்ணே, வண்டி இழுக்குதே?"

"புதுசாப் பூட்டினது தம்பி. வேகமாப் போங்க, விட்டுக் குடுத்துடும்."

கரூர் ரோட்டில் ஜீயபுரத்துக்கு முன்னால், வாய்க்காலை ஒட்டி வரும் வளைவு உங்களுக்குத் தெரியும். அவரோடு வாய்க்காலுக்குள் கிடந்த காரை வெளியே இழுக்க நானும் கயிறு பிடித்தேன். அவர் மனைவி ராசாத்தி கரையில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

நீங்கள் நசுருதீன் பாயைக் கூப்பிட்டுக் காரைப் பரிசோதிக்கச் சொன்னீர்கள். அவரும் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து எழுதிக் கொடுத்திருக்கிறார். பந்தயக்காரர்கள் சிலர் டிஃபரன்ஷியலைப் பூட்டி ஓட்டுவதுண்டாம். மாட்டச் சொன்னதைத் தங்கையன் அப்படிப் புரிந்துகொண்டுவிட்டாராம். பாவம், விவரம் போதாதாம், மனசில் கள்ளம் இல்லையாம். அதை நம்பி என்னை வீட்டுக்குப் போகச் சொன்னீர்கள். வாசல் வரை போனேன், பிறகு திரும்பி வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அந்த மழையில் அந்த வளைவில் அந்தக் கார் எங்கே போய் விழும் என்று நினைத்தேனோ, அங்கேயே விழுந்தது. விவரம் போதாதவன் செய்கிற வேலையா இது? கொல்ல வேண்டும் என்றே, எல்லாம் தெரிந்தேதான் செய்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். கோர்ட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் இதை நசுருதீன் பாயிடம் ஒரு தடவை படித்துக் காட்டிவிடுங்கள்.