ஆள் மாறிய முட்டி வலி

வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்த புதிது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் கிளம்பியதும், முன் சீட்டில் தேங்காய்ப் பையோடு இருந்தவள் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்: "ஏட்டி, ஆண்டாள் ஆள மாத்திக் குணமாக்கிட்டா."

"யார?"

"டிவியில டென்னிஸ் ஆடுவாள்லா, அந்த நெட்டச்சி. வருசம் பூரா போன ஊர்லயெல்லாம் கப்பு வாங்கினவ, முட்டி வலின்னு உக்காந்துட்டா. எனக்கு மனசு கேக்கல. போன மாசம் அவளுக்கு ஒரு அர்ச்சனை பண்ணச் சொன்னேன்."

"வெள்ளக்காரிக்கா? கிறுக்கி!"

"பட்டர் நட்சத்திரம் கேட்டாரு. மாசாமாசம் அத்தை முட்டிக்குச் சொல்லிப் பழகின வாயி, அவிய நட்சத்திரத்தையே சொல்லிட்டேன்."

தோழி சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"சிரிக்காத. அவ இன்னும் நொண்டுதா. அத்தை விறுவிறுன்னு மாடியேறி வந்து என் டிவி முன்னால உக்காந்துட்டாவ. அந்த மாடியிலதான் செத்த நேரம் நிம்மதியா இருந்தேன்."

"மாசாமாசம் பண்ணியும் ஆகாத முட்டியா?"

"அப்பல்லாம் நான் மனசார வேண்டலயே."

"சரி, அவியளுக்கு டென்னிஸ்ல என்ன புரியும்?"

"நேத்து ஃபைனல்ல ஆடின வேற ஒருத்தி சேர்ல உக்காந்து தண்ணி குடிச்சா. பக்கத்துல பந்து பொறுக்குத பிள்ளை ஒண்ணு குடையும் துண்டுமா நின்னுச்சு. அத்தை என்னைக் கூப்பிட்டுக் காட்டுதாவ: 'பாத்தியா, இதுல்லா மருமவ!'"